பெற்றவள் பார்க்கும் முதல் அடி

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நான் நலம். பாப்பாவுக்குச் சளி விட்டதா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நேற்று நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு வாண்டு முதன்முதலாக நாலடி நடந்து என் மடியில் விழுந்தான். மூத்த ஆயா, "அவங்கம்மாகிட்ட மூச்சு விடாத. முதல் அடியைப் பெத்தவதான் பாக்கணும்" என்றார். இன்று காலை அந்த அம்மா, "எம்புள்ள நடந்துட்டான்!" என்று ஓடி வந்தார். "அப்படியா!" என்று வாயைப் பிளந்தேன்.

பாப்பா இன்னும் நடக்கவில்லை என்றே எழுதுகிறீர்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில், உங்கள் மடியில் கால் நீட்டியிருப்பவளின் செருப்பின் அடிப்பாகம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அவள் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள், புதுசு வாங்குகிறேன்.

பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள், போகிறேன். நான் ஊருக்கு வரும் அன்றே அவள் முதன்முதலாக நடக்கட்டும். வாயைப் பிளக்கப் பழகிவிட்டேன். ரொம்ப நன்றிங்க.

பாப்பா அம்மா