பானெட்டில் ஒரு தட்டு

திருவொற்றியூர்,
நவம்பர் மாதக் கடைசி.

அன்புள்ள மகள் கார்குழலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலம் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன், நீயே சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பியிருப்பேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேச ஆரம்பித்தால் சாப்பிட்டாயா என்பதற்கு அடுத்த பேச்சே உன் கல்யாணத்துக்குப் போய்விடுகிறது, பிறகு யாராவது ஒருவர் கோபத்தில் வைத்துவிடுகிறோம். காகிதம் என்றால் நீ நடுவில் வைக்க முடியாது, நானும் அதிகப்படியாக எழுதியதை அடித்துவிடலாம். விஷயம் உன் வண்டியைப் பற்றியது. நீங்கள் ஸ்காட்லாந்தில் பழைய டீசல் கார் ஒன்று வாங்கியிருப்பதும், குளிர் வந்ததிலிருந்து காலையில் அது கிளம்ப அடம்பிடிப்பதும், பிரசவத்துக்குப் போக வேண்டிய ஆஸ்பத்திரி உங்கள் ஊரிலிருந்து மலைப்பாதையில் வெகுதூரம் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இதையெல்லாம் நீ என்னை விட்டுவிட்டு உன் மாமன் வல்லரசிடம் கேட்டாய் என்பதும் தெரிந்துவிட்டது. அதைப் பிறகு பேசுகிறேன். முதலில் ஒன்று, அவன் சொன்னதைச் செய்யாதே.

ஏர் ஃபில்டரில் எஞ்சினைக் கிளப்புகிற ஈதர் ஸ்பிரே அடிக்கச் சொல்லியிருக்கிறான், டேங்கில் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லியிருக்கிறான். அவன் எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். அவன் ஓட்டுகிற பெரிய எஞ்சினில் ஹீட்டர் பிளக் கிடையாது, அதில் ஸ்பிரே அடித்தால் உறுமிக்கொண்டு கிளம்பும், அதை வைத்து உலகத்தில் உள்ள எல்லா டீசலும் அப்படித்தான் என்று நினைக்கிறான். உன்னுடையது சின்ன எஞ்சின். சாவியைப் பாதி திருப்பியதும் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதல்லவா, அப்போது உள்ளே ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கம்பி பழுக்கக் காய்கிறது, அதுதான் ஹீட்டர் பிளக். பழுத்த கம்பியில் ஸ்பிரே பட்டால் நேரம் கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனை உடைக்கும், பக்கத்தில் நிற்கிறவர் முகத்துக்கும் நல்லதில்லை. மண்ணெண்ணெயும் வேண்டாம், குளிர் நாடுகளில் குளிர்காலத்துக்கென்றே உறையாத டீசலைத்தான் பங்கில் விற்பார்கள். எம்.எஸ்.சி. முடித்து மணலியில் ஒரு கம்பெனியின் ஆயில் லேபில் காலமெல்லாம் எண்ணெயைச் சோதித்துக்கொண்டிருந்த ஒருவன் உன் வீட்டிலேயே இருந்தான் என்பது உனக்கு மறந்துபோனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தக் கம்பெனிக்கே மறந்துபோனதுதான், நான் வேலை கற்றுக்கொடுத்தவனை எனக்கு மேல் உட்கார வைத்தார்கள், நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அதைப் பற்றி இப்போது பேச்சில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டுமானால் நம் வண்டிக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா பாதிதான் சொல்லியிருப்பாள், அதிலும் தம்பியைக் காப்பாற்றிச் சொல்லியிருப்பாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் வண்டிக்கு ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழற்றிப் புது ஃபில்டரை மாட்டி, அடியில் உள்ள போல்ட்டைக் கையால் மட்டும் திருகி வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், ஜாக்கி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் இருக்கின்றன. அம்மா அத்தனையையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி அடுக்கிவிட்டாள். பூஜை முடிந்து மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும் என்றாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் நான் அவளோடு மல்லுக்கு நின்றதில்லை. போல்ட்டை ஸ்பேனரால் முறுக்காமல் புது ஆயிலை ஊற்ற முடியாது, சரி, பண்டிகை நாளில் எங்கே போகப்போகிறோம், நிற்கட்டும் என்று ஆயில் கேனை மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன். பூஜை அன்று காலை நான் குளித்துக்கொண்டிருக்கும்போது வல்லரசு வந்திருக்கிறான். அவன் டிரெய்லருக்குப் போட்டது போக மீதி மாலையை நம் வண்டிக்குப் போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, காலண்டர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கிளப்பியிருக்கிறான். பழம் நசுங்கியதோடு நிறுத்தியிருந்தால்கூட எஞ்சின் தப்பித்திருக்கும். திருஷ்டி கழியட்டும் என்று தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பியிருக்கிறான். குளியலறையிலேயே எனக்குச் சத்தம் கேட்டது, தகரத்தில் சுத்தியலால் அடிப்பது மாதிரி. சோப்போடு ஈரத்துண்டோடு ஓடி வந்து நிறுத்தச் சொன்னேன். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தானாம். பழைய வண்டி என்றால் ஏதாவது ஒரு விளக்கு எரியத்தானே செய்யும் என்று நினைத்தானாம். அதற்கு மேல் என்னையே கேட்கிறான், "இன்னா மாமா, வெளிய பூ கீது, பொட்டு கீது, உள்ள ஆயில் இல்லன்னு ஒரு சீட்டு ஒட்டக் கூடாதா?" பூசணிக்காய் உடைக்க வந்து நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆயில் டெஸ்ட் பண்றவரு வண்டியிலேயே ஆயில் இல்லையாம் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னது என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னது. அவரோடும் நான் பேசுவதில்லை.

ராயபுரத்தில் ஒரு கேரேஜுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் பானெட்டைக்கூடத் திறக்காமல் எஞ்சின் போச்சு, வண்டியை எடைக்குப் போடுங்கள் சார் என்றார். திறந்து பார்க்காமல் ஒன்றைச் செத்தது என்று சொல்லும் ஆட்களை நான் லேபிலேயே நிறையப் பார்த்தவன், திரும்ப வீட்டுக்கே இழுத்துக்கொண்டு வந்தேன். அடியில் படுத்து ஆயில் சம்ப் என்கிற அடித்தொட்டியைக் கழற்றிப் பார்த்தால் பேரிங் தேய்ந்து செம்பு தெரிந்தது, அதற்குள் சுற்றும் கிராங்க் தண்டில் மட்டும் நகத்துக்குத் தட்டுப்படாத மெல்லிய கோடுகள். பொடி எமரித் தாளால் தேய்த்தால் போகிற கோடு, பேரிங் மட்டும் புதிதாகப் போட்டால் போதும். தண்டையார்பேட்டை உதிரிபாகக் கடை லியாகத் அலி அந்த மாடலுக்குப் பேரிங் தேடி எடுத்துக் கொடுத்தார். என்ன ஆனது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சிரிக்காமல், "சார், அடுத்த வருஷம் உங்க மச்சானுக்கு மட்டும் தனியா எலுமிச்சம்பழம் குடுத்து வெளியவே உக்கார வச்சிருங்க" என்றார். கம்பெனியில் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைதான் வண்டியைத் தொட முடியும், இப்போது எல்லா நாளும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை, பொறுமையாகச் செய்தேன். தெருவில் போகிறவர்கள் என் காலை மட்டும் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். வல்லரசு இரண்டு தடவை வந்து நின்றான், நான் அடியிலிருந்து வெளியே வரவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி, ஆயில் ஊற்றி, கையோடு டீசல் ஃபில்டரையும் மாற்றினேன். ஃபில்டர் மாற்றினால் லைனில் காற்று புகும், காற்று இருக்கும்வரை டீசல் எஞ்சின் எவ்வளவு சுற்றினாலும் கிளம்பாது. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட வேண்டும், நுரை போய்ச் சுத்தமான டீசல் கசிந்ததும் மற்றவர் நட்டை முறுக்க வேண்டும். இது ஒரு ஆள் வேலை இல்லை. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் சாவியில் உன்னைத்தான் உட்கார வைப்பேன், எஞ்சின் சத்தத்தில் கத்தினால் கேட்காது என்று தூக்கி நிறுத்திய பானெட்டில் ஒரு தட்டுத் தட்டினால் போடு, இரண்டு தட்டுத் தட்டினால் நிறுத்து என்று நாம் வைத்துக்கொண்டோம். இப்போது அம்மாவை உட்கார வைத்தேன். சொல்லிக்கொடுத்தும் பயனில்லை, நான் தட்டினால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து கூப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். பேட்டரி இறங்கியதுதான் மிச்சம். அதை சார்ஜ் போட்டு வைத்துவிட்டு, மறுநாள் மறுபடியும் ஆரம்பித்தபோது வல்லரசு வந்தான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அக்காவிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். நடுவில் பானெட் நின்றதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு நம் தட்டுக் கணக்கு தெரியாது, அவனிடம் சொல்ல எனக்கு வாயும் வரவில்லை. பழக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். சாவியைப் போட்டான். நட்டை முறுக்கி இரண்டு தட்டுத் தட்டினேன். நிறுத்தினான். அடுத்த நட்டுக்கும் அப்படியே. நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இது உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன், ஆயுத பூஜைக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் பேச்சு அதுதான். "பாப்பாதான் மாமா போன்ல சொல்லிச்சு. அதுவும் டீசல் வண்டி வாங்கிகீது, உனுக்குத் தெரியாதா?" என்றான். தெரியாது என்றேன். "நானும் சொன்னேன் மாமா, நைனாவையே கேளும்மான்னு. அவரு ஸ்பேனர எடுக்கறதுக்கு முன்ன எங்க வூட்டுக்காரர வம்புக்கு எடுத்துக்குவாரு, வேணாம் மாமான்னுச்சு" என்றான். நீ சொன்னதை அவன் கூட்டிச் சொல்லியிருக்க மாட்டான், அவனிடம் ஆயிரம் குறை இருந்தாலும் அந்தக் குறை கிடையாது.

அதை நான் மறுக்கவும் இல்லை. கல்யாணத்துக்குத் தேதி குறித்து, ரிஜிஸ்டர் ஆபீஸில் பெயர் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு தகப்பனுக்குத் தகவல் சொல்கிறவர்கள் தகப்பன் அங்கே வந்து நிற்பான் என்று எதிர்பார்க்கக் கூடாது. அன்றைக்கு வராதது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்காக நீ பனியில் கிளம்பாத வண்டியில் வலியோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. மீதி நட்டுகளையும் முறுக்கினோம், கடைசி நட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பழைய சத்தம் இல்லை. வல்லரசு இறங்கி வந்து, "ஆயில் லைட்டு அணஞ்சிச்சு மாமா, பாத்துட்டேன்" என்றான். அம்மா இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்தாள், அவன் குடித்துவிட்டுப் போனான். நாங்கள் சமாதானம் ஆகிவிட்டோம் என்று அம்மா போனில் சொன்னால் நம்பாதே. நீ அனுப்பிய எஞ்சின் படத்தை மட்டும் அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

படத்தை நன்றாகப் பார்த்தேன். பம்பிலிருந்து நாலு இரும்புக் குழாய் நேராக நாலு நாசிலுக்குப் போகின்றன, நம் வண்டி மாதிரியே பழைய பம்ப். அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்போது வருகிற காமன் ரயில் எஞ்சினாக இருந்தால் அந்தக் குழாயின் நட்டைத் தொடவே கூடாது, அதன் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு போய்விடும். பழைய பம்பிலும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், கசிகிற இடத்தில் கையை நீட்டக் கூடாது, துணியைப் பிடிக்க வேண்டும். குளிர்ந்த காலையில் வெகுநேரம் சுற்றி, வெள்ளைப் புகை விட்டு, பிறகு நொண்டி நொண்டிக் கிளம்புகிறது என்றால் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக்கின் மேல். அதன் மேலுள்ள ஒயரைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வைத்தால் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் அந்த பிளக் போய்விட்டது. எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும், முரண்டினால் விட்டுவிட்டு எண்ணெய் விட்டு மறுநாள் பார்க்க வேண்டும், வேகம் காட்டினால் பாதி ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். எல்லா பிளக்கும் எரிந்து, அப்படியும் வண்டி மக்கர் செய்தால் இரவில் எங்கோ லைனில் காற்று இழுக்கிறது என்று பொருள், பழைய ரப்பர் ஹோஸை மாற்றிவிட்டுக் காற்றெடுக்க வேண்டும். ஆயிலை வடித்தால் புது ஆயில் ஊற்றும்வரை சாவி சட்டைப் பையில் இருக்க வேண்டும், ஆணியில் தொங்கக் கூடாது. இதை யாரால் கற்றுக்கொண்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ வண்டிக்கு அடியில் படுக்கவோ, குனிந்து நின்று ஸ்பேனர் பிடிக்கவோ கூடாது. டீசல் வாசனையும் இப்போது உனக்கு ஆகாது, கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார். உன் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், ஒரு ஆணிகூட அடித்ததில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மருந்தை அளந்து கொடுக்கிற கைக்கு ஒரு நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி முறுக்குவது வராமல் போகாது. தபாலில் ஒரு பார்சல் வருகிறது, அதில் டெஸ்ட் லாம்பும் என்னுடைய பதினேழாம் நம்பர் ஸ்பேனரும் இருக்கின்றன, படத்தைப் பார்த்தால் உன் வண்டிக் குழாய்க்கும் அதே அளவுதான் என்று தோன்றுகிறது. அதில் ஒட்டியிருப்பது துரு இல்லை, அம்மா வைத்த குங்குமம். எனக்கு இங்கே வேறு ஸ்பேனர் இருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கப்போகிறவர் பெயருக்குத்தான் பார்சல் வர வேண்டும் என்பதால் பெறுநர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதவில்லை, மேத்யூ என்று எழுதியிருக்கிறேன். நீ சாவியில் உட்கார். அவர் ஒரு தட்டுத் தட்டினால் போடு, இரண்டு தட்டுத் தட்டினால் நிறுத்து.

அம்மாவுக்கு விசா வந்துவிட்டது, ஜனவரியில் புறப்படுகிறாள், நம் வண்டியில்தான் விமான நிலையத்தில் விடப்போகிறேன், வல்லரசும் வருகிறேன் என்கிறான், பின் சீட்டில் உட்காருவதானால் வரட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. பிள்ளையும் நீயும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அவரும் நன்றாக இருக்கட்டும். வண்டி கிளம்பியதும் வல்லரசுக்குச் சொல்லாமல் முதலில் எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பாரி.