சக்சேனாவும் கோகலேயும், மாடியிலிருந்து நான் பார்த்த ஆளும்

10-7-88, ஞாயிறு

கூடத்தில் இன்று பதினாலு பேர். டி.வி. வாங்கியது நாங்கள், பார்ப்பது தெரு. கொடைக்கானல் டவர் வந்த பிறகு ராஜபாளையத்தில் படம் தெளிவாகத்தான் விழுகிறது. ஆனால் பேசுவது இந்தி. அதனால் ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் தமிழில் சொல்வது என் வேலையாகிவிட்டது. பிரச்சார சபா பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற டியூஷன் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கொலைகாரனுக்கும் போலீசுக்கும் நடுவில் நின்று கத்துகிறேன்.

தொடரில் துப்பறிகிற சக்சேனா இன்றும் பத்தே நிமிஷத்தில் ஆளைச் சொல்லிவிட்டார். செத்தவரின் வீட்டுப் படியில் ஒரு செருப்பு. வலது குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது. "சுமை தூக்குகிறவன், ஒரே தோளில்" என்றார். கூடமே வாயைப் பிளந்தது. என்ன கண் அந்த மனுஷனுக்கு!

12-7-88, செவ்வாய்

செவ்வாய் சாயங்காலச் செய்திக்குப் பிறகு வருவது இன்னொரு துப்பறியும் தொடர், கோகலே. இதற்கு ஆறு பேர் வந்தால் அதிகம். பம்பாய்ப் பத்திரிகைகள் இதைத்தான் தூக்கி வைத்து எழுதுகின்றன, விருதெல்லாம் கொடுத்திருக்கிறார்களாம். எனக்கு ஏனென்று பிடிபடவில்லை. வயிற்றுப்புண்காரர். சட்டைப் பையில் மாத்திரை. ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய் ஒரே கேள்வியைக் கேட்கிறார். சக்சேனா கண்ணாடி மாட்டினாலே கதை நகரும். இவர் மழையில் பஸ்ஸுக்கு நிற்பதையே ஐந்து நிமிஷம் காட்டுகிறார்கள்.

கதவோரம் உட்கார்ந்திருந்த சுடலைமாடத்திக்கு மட்டும் இவரைத்தான் பிடிக்கும். பக்கத்து பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவள். ஏன் என்று கேட்டேன்.

"மொதல்ல கேட்டது சரிதானான்னு திரும்ப வந்து கேக்காருல்லா டீச்சர். யாரு அப்படிக் கேக்கா?"

சிரித்துக்கொண்டேன். அவளுக்கு வசனத்தில் பாதி புரியாது.

26-7-88, செவ்வாய்

சுடலைமாடத்தியின் புருஷன் காளிராஜை கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முதலாளி பொன்னுராஜிடம் எதிர்த்துப் பேசினானாம். என் வீட்டுக்காரர் அங்கே சூப்பர்வைசர். "நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல" என்றார். யார் கேட்கவில்லை, முதலாளியா காளிராஜா என்று நான் விசாரிக்கவில்லை.

5-8-88, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடியக்காலம் தொழுதுவிட்டு மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளுத்தும் வெளுக்காத நேரம். பேண்டேஜ் கம்பெனி குடோன் சந்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். கேரியரில் சாக்கு. தலையில் துண்டு. இடது தோள் கொஞ்சம் இறங்கி இருந்தது. மூக்கரசன் கோயில் பக்கம் திரும்பிப் போய்விட்டான்.

ஏழு மணிக்கு ஒரே சத்தம். வாட்ச்மேன் தங்கச்சாமி மண்டை உடைந்து குடோனுக்குள் கிடந்திருக்கிறார். நூல் மூட்டை ஒன்று இல்லை. உயிர் இருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

எட்டரைக்கு இன்ஸ்பெக்டர் எங்கள் வாசலுக்கு வந்தார். கூடவே பொன்னுராஜ். நான் பார்த்ததைச் சொன்னேன். தோளைச் சொன்னதும் பொன்னுராஜ், "காளிராஜ்தானே அது?" என்றார்.

"ஆமா, அவரு மாதிரிதான் இருந்துச்சு" என்றேன்.

"மாதிரியா, அவரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவர்தான்."

எழுதிக்கொண்டார். "உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா" என்றார். தோள் இறங்கியதைக் கவனித்ததற்கு சக்சேனாவே தலையாட்டியிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன்தான், மறைப்பானேன்.

7-8-88, ஞாயிறு

காளிராஜை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். கூடத்தில் இருபது பேருக்கு மேல். டி.வி.யைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம். எதிர்வீட்டு நர்ஸ் பரிபூரணம், "சக்சேனா டீச்சர், செத்தத் தள்ளி உக்காருங்க, படம் மறைக்கி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கதவோரம் காலி.

16-8-88, செவ்வாய்

தங்கச்சாமி பிழைத்துவிட்டார். ஆனால் வாய் குழறுகிறது, அன்று நடந்தது எதுவும் நினைவில் இல்லையாம்.

கோகலே இன்று ஒரு பால்காரியை விசாரித்தார். "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அவள் சொல்கிறாள், நிறுத்துகிறாள். இவர் வாயே திறக்கவில்லை. ஒரு நிமிஷம் முழுதும் அவள் முகம் மட்டும். நான் தமிழில் சொல்ல ஒன்றுமே இல்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "பேசவில்லை, காத்திருக்கிறார்" என்றேன்.

28-8-88, ஞாயிறு

சுடலைமாடத்தியைக் குழாயடியில் பார்த்தேன். குடம் பாதி நிரம்பியதுமே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

18-9-88, ஞாயிறு

இன்றைக்கு ஒன்று கண்ணில் பட்டது. இத்தனை வாரம் எப்படிப் படாமல் போனது?

சக்சேனா ஒரு கடைக்காரரிடம் புகைப்படத்தை நீட்டுகிறார். "இந்த ஆள்தானே, ராத்திரி வந்தது?" கடைக்காரர் தலையாட்டுகிறார். கேஸ் முடிந்தது. போன வாரமும் இப்படித்தான். அதற்கு முந்தின வாரமும். பெயரை அவரே சொல்கிறார், சாட்சி ஆமாம் போடுகிறான். அவர் கண் கூர்மை என்று நினைத்தேனே. அவர் பார்ப்பது எல்லாமே தடயமாகிவிடுகிறது, ஏனென்றால் கதை எழுதினவன் அதையெல்லாம் அவருக்காகவே வைத்திருக்கிறான். தேய்ந்த செருப்பு சும்மா தேய்ந்த செருப்பாக இருக்க அங்கே வழியே கிடையாது. கோகலேயின் ஊரில் யாருக்காகவும் எதுவும் வைக்கப்படவில்லை. அதனால்தான் அவர் அலைகிறார்.

நடுவில் தமிழ் சொல்வதை நிறுத்தியிருக்கிறேன். பரிபூரணம், "என்ன டீச்சர், ஒங்களுக்கு மட்டும் கரண்ட் போயிட்டா?" என்றாள்.

எல்லோரும் போன பிறகு ஆகஸ்ட் ஐந்தாம் தேதியை எடுத்துப் படித்தேன்.

19-9-88, திங்கள்

காளிராஜ் என்ற பெயரை முதலில் சொன்னது நான் இல்லை.

20-9-88, செவ்வாய்

ஆனால் அவனாகவும் இருக்கலாமே. தோள் இறங்கியிருந்தது நிஜம். காளிராஜுக்கு இடது தோள் இறங்கித்தான் இருக்கும். இருக்குமா? அதற்கு முன்னால் அவன் தோளை நான் எப்போது பார்த்தேன்? கோகலே ஓடிக்கொண்டிருந்தார். என்ன கதை என்று இப்போது கேட்டால் தெரியாது.

9-10-88, ஞாயிறு

இவர் மதுரைக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கச் சைக்கிளில் கிளம்பினார். நான் மாடியில் துணி போடப் போனேன். அதே நேரம், அதே வெளிச்சம். செத்த நேரத்தில் இவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வருகிறார். தலையில் துண்டு.

"என்னங்க, பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்று மேலிருந்து கேட்டேன்.

ஆள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. "பாய் இல்ல டீச்சர், நான் பால்ச்சாமி."

பால் ஊற்றுகிற பால்ச்சாமி. இவரைவிட ஒரு சாண் குட்டை, பத்து வயது இளையவன். சைக்கிளில் கேன் தொங்குகிறது. அந்தக் கேன்கூட என் கண்ணில் படவில்லை. வீட்டுக்காரரை எதிர்பார்த்தேன், வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

பதினாறு வருஷமா கூட இருக்கிற மனுஷன். அவரையே அடையாளம் தெரியல. யா அல்லாஹ், நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்.

11-10-88, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு, "அவன் இல்லேன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது. அவன்தான்னும் தெரியாது."

"மொதலாளி முன்னால சொன்ன. போலீசு எழுதியாச்சு. நான் நாளைக்கும் அங்கதான் வேலைக்குப் போகணும், ஹாஜரா."

"அவன் இப்ப செயில்ல இருக்கான்."

சாப்பிடாமல் எழுந்து போனார். கோபம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் மாடியில் நின்று, குடோன் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "இங்கருந்து மூஞ்சி தெரியாது."

24-11-88, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் டீ வரவழைத்தார். "கோர்ட்டுன்னா பொம்பளைகளுக்குப் பயம் வரத்தான் செய்யும். மொதல்ல சொன்னதையே சொல்லுங்க, போதும்" என்றார். பயமில்லை, சந்தேகம் என்றேன். "இப்ப வர்ற சந்தேகத்துக்கு எங்க கேஸ்ல எடம் இல்லம்மா" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு வீட்டுக்குப் போக நேரமாகியிருந்தது.

7-2-89, செவ்வாய்

கோகலே இன்றோடு முடிந்தது. கடைசிக் கேசில் கொலைகாரன் அகப்படவில்லை. ஃபைலைக் கட்டி அலமாரியில் வைக்கிறார், மாத்திரை போடுகிறார், பஸ் ஏறுகிறார். அவ்வளவுதான். "இதுக்கா எட்டு மாசம்?" என்றாள் பரிபூரணம். சக்சேனா போன மாதம் முடிந்தபோது எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கழித்து, கடைசி ஆளை விரலால் சுட்டினார். தெருவே கை தட்டியது. நானும் ஒரு காலத்தில் தட்டியிருப்பேன்.

யாரைச் சிறந்தவர் என்று சொல்வது? சக்சேனாவை நடித்தவர்தான் கெட்டிக்கார நடிகர். அந்தக் குரலும் நடையும் யாருக்கு வரும். இருட்டில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் சக்சேனா இருக்க வேண்டும் என்றுதான் எவரும் ஆசைப்படுவார்கள். ஆனால் செய்யாத குற்றத்துக்குப் பிடிபட்டால் விசாரிக்க யார் வர வேண்டும்? அதைச் சுடலைமாடத்தி ஜூலையிலேயே சொல்லிவிட்டாள். வசனம் பாதி புரியாதவள்.

14-3-89, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட். இவர் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். காளிராஜ் கூண்டில் நின்றான். மெலிந்திருந்தான். தோளைப் பார்த்தேன். இரண்டும் சமமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அதையும் இனி நம்பப் போவதில்லை.

அரசு வக்கீல், "அன்னைக்கு நீங்க பார்த்தது இவரைத்தானே?" என்றார்.

"ஒரு ஆளப் பார்த்தேன். முகத்தப் பார்க்கல."

"போலீஸ்ல இவர் பேரைச் சொன்னீங்களா, இல்லையா?"

"பேர வேற ஒருத்தர் சொன்னாங்க. நான் ஆமான்னு சொல்லிட்டேன்."

"இவர் தரப்புல யார் வந்து உங்ககிட்டப் பேசினாங்க?"

"யாரும் வரல."

வக்கீல் என்னைப் பிறழ்சாட்சி, சொல் மாறியவள், என்று அறிவிக்கும்படி நீதிபதியைக் கேட்டார். அந்த வார்த்தை என் மேல் விழுந்தது. இத்தனை மாதம் கழித்து எதனால் மனம் மாறினீர்கள் என்று நீதிபதி கேட்டார். "அதே எடத்துல நின்னு பால்காரர என் வீட்டுக்காரர்னு நெனச்சிட்டேன், ஐயா" என்றேன். கோர்ட்டில் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, எழுதினார். கடைசி பெஞ்சில் இவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பொன்னுராஜ் எழுந்து வெளியே போனார்.

சுடலைமாடத்தி வராந்தாவில் நின்றாள். பக்கத்தில் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

28-3-89, செவ்வாய்

காளிராஜ் விடுதலை.

2-4-89, ஞாயிறு

கூடத்தில் யாரும் இல்லை. பரிபூரணம் மட்டும் வந்து, தொடர் எதுவும் இல்லாத நேரத்தில், ஏதோ விவசாய நிகழ்ச்சியை என்னோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனாள்.

21-6-89, புதன்

இவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. நிற்க முடியாதபடி செய்துவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை ஒன்றில் சேர்ந்திருக்கிறார். வீடு அங்கேயே பார்த்தாகிவிட்டது. "ஒன்னால வந்தது" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் தேவலை என்று சில நாள் தோன்றும்.

போகும் முன் தங்கச்சாமியைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். என்னைத் தெரியவில்லை. அவரை அடித்தவன் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒருவேளை நான் முதலில் சொன்னதுதான் சரியாக இருந்தால்? அவர் முன்னால் அந்தக் கேள்வி வந்தது. இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று சொல்ல முடியாது. இந்தப் பதில் அவருக்கு என்ன ஆறுதல்? ஒன்றுமில்லை.

17-8-90, வெள்ளி

கிருஷ்ணன்கோவில் தனியார் பள்ளிக்கூடத்தில் இந்தி டீச்சராகி இரண்டு மாதம். இன்று வத்திராயிருப்பு பஸ்ஸில் கூட்டம். நிற்க இடமில்லை. ஜன்னலோரம் சுடலைமாடத்தி, மடியில் பை. பார்த்துவிட்டாள். நானும் பார்த்துவிட்டேன், இறங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

பையைத் தூக்கிக் காலடியில் வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தேன்.

கூமாப்பட்டியில் அவள் அண்ணன் தோப்பில் இருக்கிறார்களாம். காளிராஜுக்குத் தேங்காய் உரிக்கிற வேலை. ராஜபாளையம் பக்கமே போவதில்லை. நான் கேட்காமலே சொன்னாள். பிறகு வெளியே பார்த்தபடி, "ஒங்க வாயாலதான் அவிய உள்ள போனாவ. ஒங்க வாயாலதான் வெளிய வந்தாவ. ரெண்டும் எனக்கு மறக்காது, டீச்சர்" என்றாள்.

"மறக்க வேண்டாம்" என்றேன்.

கிருஷ்ணன்கோவில் வந்தது. நான் எழுந்ததும், நிற்கிறவர்களிடம், "செத்த ஒதுங்குங்க, எறங்கட்டும்" என்று அவளே சத்தம் கொடுத்தாள். முதல் பீரியடுக்கு மூன்று நிமிஷம் தாமதம்.