மூன்று மணிக்குக் கடலய்யா கோயில்

பூ யென் கடற்கரை,
மூன்றாம் மாதம், வளர்பிறை ஒன்பது.

தங்கை தோமுக்கு, அக்கா லுவா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் நலமும், மகள் ஹுவேயின் நலமும், பேரப்பிள்ளைகளின் நலமும் வேண்டுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பொறுத்துப் படி. "போன்ல பேசினா ரெண்டு நிமிஷம். எதுக்குப் பாட்டி மூணு நாளா பேப்பரைக் கிழிச்சுப் போடுறீங்க?" என்று பேத்தி குயென் கேட்கிறாள். போனில் பேசினால் நீ அழுவாய், நான் வைவேன். சொல்ல வேண்டியது நின்றுபோகும். நீ கொடுத்த சைகோன் ஹோட்டல் முகவரிக்கே இதை அனுப்புகிறேன். பதில் எழுத உனக்கு நேரம் இருக்காது. அதுவும் நல்லதுதான்.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. பதினோரு வரி. இருபத்துமூன்றாம் தேதி நானும் ஹுவேயும் பயணக் கூட்டத்தோடு பஸ்ஸில் வருகிறோம், நம் கரையில் ஒரே ஒரு நாள், சாயங்காலம் நான்கு மணிக்குப் பஸ் கிளம்பிவிடும், என்ன சாப்பிடலாம், எங்கே நடக்கலாம் என்று எழுது எனக் கேட்டிருக்கிறாய். அந்தப் பதினோரு வரியில் 'அக்கா, உன்னைப் பார்க்க வருகிறேன்' என்று ஒரு வரி இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்துவிட்டேன். ஆஸ்திரேலியா போன இந்த நாற்பத்திரண்டு வருஷத்தில் இரண்டு முறை சைகோன் வரை வந்து, அப்படியே திரும்பிப் போனவள் நீ. சரி, கேட்டது சாப்பாடும் நடையும். அதையே எழுதுகிறேன்.

காலையில் ஹோட்டலில் ரொட்டியும் முட்டையும் வைப்பார்களாம். தொடாதே. துய் ஹோவா பழைய சந்தைக்குப் பின்னால் அரிசி இடியாப்பமும் வேகவைத்த பன்றிக்குடலும் விற்கிற சந்து அப்படியே இருக்கிறது. இரண்டாவது கடையில் உட்கார். முதல் கடை வேண்டாம். அந்தக் கடைக்காரியின் அம்மா, பன்றி வருஷத்துப் புத்தாண்டுக்கு முந்தின நாள், முந்தாநாள் குடலை எனக்குக் கட்டிக் கொடுத்தவள். அவள் செத்து இருபது வருஷம் ஆகிறது. குடல் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. சூரைக் கண்ணை மூலிகை போட்டு மண்குடுவையில் வேகவைத்ததும் அங்கேயே கிடைக்கும். கண் தன்னைப் பார்க்கிறது என்று ஹுவே பயப்படுவாள். மேலே துளசியைப் போட்டு மூடிக் கொடு.

பத்து மணிக்குத் தட்டுக்கல் கரைக்குக் கூட்டிப்போவார்கள். தட்டுகளை அடுக்கி வைத்த மாதிரிக் கருங்கல். நீயும் நானும் அதன்மேல் ஓடி நத்தை பொறுக்கிய இடம்தான். இப்போது எல்லாரும் படம் எடுக்கிறார்கள். நீ ஈரக்கல்லில் ஏறாதே. உனக்கும் எழுபது ஆகிறது.

மத்தியானச் சாப்பாடு ஓ லுவான் காயல் ஓரத்தில். ரத்தச்சிப்பியைச் சுட்டுத் தரச் சொல். இந்த மாசம் நன்றாகச் சதை பிடித்திருக்கிறது. தொட்டுக்கொள்ள நெத்திலி மீன்சாறு கேள், பாட்டில் சரக்கு வேண்டாம் என்று சொல். அம்மாவின் மீன்சாறு ஜாடியில் விரலை விட்டு நக்கியவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். காற்று திசை மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. திரும்ப உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு மணிக்குக் கூட்டத்தை மரப்பாலத்துக்கு அழைத்துப்போவார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ போகாதே. பாலம் ஆடும். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, மரம்தான். நீ ஹுவேயைக் கூட்டிக்கொண்டு காயல் துறையிலிருந்து கடல்பக்கமாக நட. சவுக்குத்தோப்பு வரும், அப்புறம் நெத்திலி காயப்போடும் பரண்கள், அப்புறம் நம் ஊர். எவ்வளவு நேரமாகும் என்று நானே நடந்து பார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு முறை, புதன்கிழமை இரண்டு முறை. என் காலுக்கு ஐம்பது நிமிஷம். உனக்கு நாற்பது போதும். சிப்பி விற்கிற சாவ் இருக்கிறாளே, நம் கிணற்றுக் கயிற்றைக் கடன் வாங்கித் திருப்பித் தராத குடும்பம், அவள் என்னைப் பார்த்து, "என்ன லுவாக்கா, போறீங்க வர்றீங்க, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். "உன் வாய்க்கு ஒரு மூடி தேடுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பைக்கில் கூட வந்த குயென், "வரப்போறது உங்க தங்கச்சியா, மந்திரியா பாட்டி? ரோட்டை மட்டும்தான் இன்னும் பெருக்கல" என்கிறாள். பெருக்கலாமா என்று எனக்கே தோன்றியது.

ஊர் எல்லையில் கடலய்யா கோயில். ஹுவே அதைத் திமிங்கிலக் கோயில் என்பாள். அங்கே நிற்கும்போது அந்தப் பெயரைச் சொல்லவேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவை. படகு கவிழ்ந்தால் முதுகில் தாங்கிக் கரை சேர்க்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை.

அடுத்து எழுதப்போவதற்கு முன் மூன்று முறை வாசல் வரை போய்வந்துவிட்டேன். தேநீர் போட்டேன், குடிக்கவில்லை. ஹுவேக்கு நம் பாஷையில் படிப்பது மறந்தே போனது என்று எப்போதோ எழுதியிருந்தாய். நல்லது. இதை நீ மட்டும் படி.

கடலய்யா உயிரில்லாமல் கரை ஒதுங்கிய அன்று, முதலில் பார்த்தவள் நான் என்று ஊர் சொல்கிறது. முதலில் பார்த்தவர்தான் அவருக்கு மூத்த பிள்ளை. பெற்றவருக்குக் காக்கிற மாதிரி மூன்று வருஷம் தலையில் வெள்ளைத்துணி கட்டித் துக்கம் காக்க வேண்டும். துக்கத்தில் கல்யாணம் கூடாது. எனக்கு இருபது வயது. கட்டினேன். எனக்கு நிச்சயம் செய்திருந்த கியெம் ஒரு வருஷம் பொறுத்தான். அப்புறம் அவன் அம்மா வந்து, "பொண்ணு தங்கம்தான். ஆனா என் கண்ணு தெரியறப்பவே எனக்குப் பேரன் வேணுமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவனுக்கு வடக்கே வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. மூன்றாம் வருஷம் அவரைப் புதைத்த மணலைத் தோண்டி, எலும்புகளை ஒவ்வொன்றாக அரிசிச் சாராயத்தில் கழுவிக் கோயிலில் வைத்ததும் நான்தான். அப்புறம் எனக்குக் கிடைத்தவர் மனைவியை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு இருந்தவர். நல்ல மனிதர். அவரைப் பற்றிக் குறை இல்லை.

முதலில் பார்த்தவள் நீ, தோம்.

அன்று விடிந்ததும் நண்டுக்குப் போனவள் மணலில் கால்தடம் பார்த்தேன். நேராக அவர் கண்ணருகே போய், கொஞ்சம் நின்று, திரும்பி ஓடிய தடம். இடது காலில் சுண்டுவிரல் பதியவில்லை. உன் ஒன்பதாவது வயதில் சிப்பி அறுத்துப் போன விரல் அது. ரத்தம் சொட்டச் சொட்ட உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியவளுக்கு அந்தத் தடம் தெரியாதா? கொஞ்சம் தள்ளி நீ வாந்தி எடுத்திருந்தாய். அதற்கு முன் இரண்டு வாரமாகவே, மீன்சாறு ஜாடியைத் திறந்தால் நீ மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாய். அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. புவோக்குக்கும் உனக்கும் அடுத்த மாசம் கல்யாணம். மூன்று வருஷம் உன் தலையில் துணி இருந்தால், வயிற்றில் இருந்த ஹுவே எங்கே போவாள்?

என் ஓலைத்தொப்பியைக் கழற்றி அந்தத் தடங்களை எல்லாம் துடைத்தேன். வாந்தியின் மேல் மணலைத் தள்ளினேன். அப்புறம்தான் ஊரைக் கூப்பிட்டேன்.

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய துணிக்காக எனக்கு உன்மேல் கோபம் கிடையாது. அது நானே கட்டியது. என் கோபம் வேறு. பெரியவர்கள் என் தலையில் துணியைச் சுற்றியபோது நீ கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "அக்கா, நான்தான் முதல்ல பாத்தேன்" என்று என் காதுக்குள் மட்டும் சொல்லியிருக்கலாம். சொல்வாய் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். உன் கல்யாணத்தன்று விருந்தில் உட்காரக் கூடாதவள், அடுப்படியில் நின்று காத்திருந்தேன். ஹுவே பிறக்கும் முன்பே நீயும் புவோக்கும் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று காத்திருந்தேன். உன் ஒவ்வொரு கடிதத்தையும் அதற்காகத்தான் பிரித்தேன். இந்தப் பதினோரு வரியையும்.

இந்த மூன்று நடையில் ஒன்று தோன்றியது. எங்கள்மேல் ஏதோ கோபத்தில் ஊருக்கு வராமல் இருந்தாய் என்று நான் நினைத்திருந்தேன். வெட்கத்தில் வராமல் இருந்திருக்கிறாய். நான் அந்தத் தடத்தைத் துடைத்தது தெரிந்திருந்தால் எப்போதோ வந்திருப்பாய். அதைச் சொல்லாமல் இருந்தது என் தப்பு. ஆனால் உன் தப்பு முதலில் வந்தது. அதை மறக்கமாட்டேன்.

கோயிலுக்குப் பதினேழு படி. மூத்த பிள்ளை வருஷா வருஷம் ஏற்ற வேண்டிய ஊதுபத்தியை ஐம்பத்திரண்டு வருஷமாக உனக்குப் பதிலாக நான் ஏற்றுகிறேன். போன வருஷம் பன்னிரண்டாம் படியில் உட்கார்ந்துவிட்டேன். "பாட்டி, தூக்கிட்டுப் போகட்டுமா?" என்று குயென் கேட்டாள். மீதி ஐந்து படியைக் கையை ஊன்றி ஏறினேன். இந்த வருஷம் என்னால் முடியாது. பிள்ளை இருக்கும்போது இன்னொருத்தர் கையில் பத்தியைக் கொடுக்கவும் மனசில்லை.

இருபத்துமூன்றாம் தேதி மூன்று மணிக்கு நான் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பேன். உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. நான் அங்கே உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். அடுக்குப் பாத்திரத்தில் ஜெல்லி மீன் நூடுல்ஸ் இருக்கும், உனக்குப் பிடித்த மாதிரி மிளகாய் அதிகமாக. மேலே போய் வர உன் காலுக்குப் பத்து நிமிஷம். நான்கு மணிக்குள் குயென் பைக்கில் உங்களைப் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவிடுவாள், இரண்டு நடையாக. எதுவும் பேச வராவிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போ. ஹுவே எதற்கு இந்தப் பத்தி என்று கேட்டால், அவளால் வந்தது என்று சொல்லிவிடாதே. அவளுக்காக வந்தது என்று சொல். அவள் கையை ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும் எனக்கு.

கடலய்யா உன்னையும் ஹுவேயையும் அலை தெரியாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். வழியில் காய்ச்சல் வராமல், பஸ் பழுதாகாமல், நல்லபடியாக வந்து சேர். மழை பெய்தாலும் மூன்று மணிதான்.

உன் அக்கா,
லுவா

ஒன்று விட்டுப்போனது. தோப்பு தாண்டியதும் கோயில் வரை ஈரமணல். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நட. இந்தத் தடவை நான் துடைக்கமாட்டேன்.