ரைலன் பெயரில் விழுந்த தண்டனை

அன்பு மகள் தமராவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், டொராண்டோவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தம்பி ரைலனும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஐஸில் வழுக்கி விழுந்தான் என்று போனில் சொன்னேனே, அது பொய். அவனை அடித்துப் போட்டார்கள். போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ பட்டென்று வைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், கடைசிவரை படி.

அன்றைக்கு ஐஸ் ஹாக்கி அரையிறுதி ஆட்டம், நம் ரிங்கில் நிற்க இடமில்லை. வழக்கம்போல் நான், தப்பாட்டம் ஆடினவனை உட்காரவைக்கும் தண்டனைப் பெட்டிக்குப் பக்கத்தில், தண்டனைகளைப் பதிய நீ செய்து கொடுத்த ஆப்போடு. எதிர் டீமுக்காக அல்வின் அந்தக் கோடியில், அவன் போனிலும் அதே ஆப், அதே பட்டியல். எவனோ நம் கோல்காரனை மட்டையால் குத்தினான், அவ்வளவுதான், இரண்டு பெஞ்சும் காலி. கையுறையை வீசிவிட்டு மூஞ்சி மூஞ்சியாகக் குத்திக்கொண்டார்கள், ஐஸெல்லாம் ரத்தம். "பல்லக் கழட்டுடா, விடாதடா" என்று கத்தியதில் ஞாயிறுதோறும் கோவிலில் என் பக்கத்தில் உட்காருகிற கிழவிகளும் உண்டு. நம் டீம் கோல்பிக்குச் சண்டைக்காகத் தண்டனை போட்டேன். அடுத்து ரைலன். அவன் விலக்கத்தான் போனான், ஆனால் நடுவில் புகுந்தாலும் இரண்டு நிமிஷம் உண்டே, அதையும் போட்டேன். அப்போதுதான் கோல்பி பின்னாலிருந்து நடுவர் வெர்ன் ஃப்ரீசனின் தாடையில் மட்டையால் விளாசினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்தக் கும்பலில் அடித்தது யார் என்று வேறு யாரும் பார்க்கவில்லை.

"நடுவரைத் தாக்கியது, வெளியேற்றம்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கோல்பியின் வரிசையைத் தொட விரலைக் கொண்டுபோனேன். அதே நொடியில் அல்வின் தன் பக்கத்து ஆள் ஒருவனைச் சேர்த்தான். உன் ஆப்பில் புது வரிசை உச்சியில் வந்துதானே உட்காரும்? மற்றதெல்லாம் ஒரு படி இறங்கின, கோல்பி இருந்த இடத்துக்கு ரைலன் வந்துவிட்டான், என் விரல் அவன்மேல் விழுந்தது. மேலே பெரிய திரையில் நான் பெற்ற பிள்ளையின் பெயர் சிவப்பில் வந்து நின்றது. எடுக்கலாம் என்றால் வழியில்லை, யாரும் கள்ளம் பண்ணக்கூடாது என்று நீதானே பூட்டி வைத்தாய். கண்ணாடியை அறைந்து கத்தினேன், அந்த இரைச்சலில் யார் காதில் விழும். வெர்னின் அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள், தடுப்பைத் தாண்டிக் குதித்தார்கள். ஒருத்தன் ரைலனின் ஹெல்மெட்டைப் பிடுங்கினான், ஒருத்தன் கைகளை முறுக்கிப் பிடித்தான், மற்றவன் மட்டைக் காம்பால் முகத்தில் இடித்தான், இடித்துக்கொண்டே இருந்தான். வலது கண் போய்விட்டது தமரா. சஸ்கட்டூன் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

வரிசை துள்ளுகிறது, விரல் தப்பிப்போகிறது என்று பனி விழத் தொடங்கியபோதே உன்னிடம் சொன்னேன். "பழகிடும்மா, புதுசு மேல வந்தாத்தான் பாக்க நல்லாருக்கும்" என்றாய். அழகு சோறு போடுமா? எனக்கு உன்மேல் ஆத்திரம், என் விரலை வெட்டிப் போடலாம் என்றும் ஆத்திரம். மாதக் கடைசி ஞாயிறு ரிங்க் மாடியில் லீக் கூடுகிறது, ரைலனுக்கு ஆயுள் தடை என்று பேச்சு. கோல்பி வாயைத் திறக்கவில்லை. ரைலனும் "கூட ஆடுறவனக் காட்டிக் குடுக்க மாட்டேம்மா" என்கிறான், கண்ணே போயும் இந்தப் பயல்களின் சட்டம் மாறவில்லை. நான் உண்மையைச் சொன்னால், "மகனக் காப்பாத்த நீ வேற என்னத்தச் சொல்லுவ மார்லீன்" என்று வெர்னின் பெண்டாட்டி கடையில் வைத்தே கேட்டாள். கையிலிருந்த உறைந்த கோழியாலேயே அவளை ஒரு போடு போட்டிருப்பேன், அப்பா இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆகவே நீ வா. எல்லார் முன்னாலும் அந்த ஆப்பை ஓட்டி, வரிசை எப்படி இறங்குகிறது என்று காட்டு. "தப்பு நான் செஞ்ச ஆப்புலதான் இருக்கு" என்று உன் வாயால் சொல். வேறு லீக்குகள் உன் ஆப்பை வாங்குவதாக இருக்கின்றன, பெயர் கெடும், தெரியும். கெடட்டும். புது வரிசை இனி அடியில் போய்ச் சேரட்டும், அதையும் உடனே மாற்று, எந்தத் தாயின் விரலும் இப்படித் தப்பக்கூடாது.

கடவுள் உன்னைக் கைவிடாமல் கூட்டிக்கொண்டு வரட்டும். தடித்த பூட்ஸ் போட்டுக்கொள், இங்கே குளிர் இன்னும் கடிக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பால் வந்த வினை என்று உனக்குச் சொல்லக்கூடாது என்று ரைலன் என்னிடம் சத்தியம் வாங்கினான். "இந்த ஆப்பு எங்க அக்கா செஞ்சதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன், தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாம்மா" என்றான். நான் மீறிவிட்டேன். வந்ததும் அவனுக்கு வலப்பக்கம் நிற்காதே. இடப்பக்கமாக வா, அப்போதுதான் நீ வந்தது அவனுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா மார்லீன்