ஒரு போத்தல் பாலின் விலை

முருகன் துணை

சிகாமட்,
ஈசுவர வருடம், ஆனி 14

செல்லத்தின் அப்பா அவர்களுக்கு ராஜம்மா வணங்கி எழுதுவது. நானும் குழந்தையும் பசுவும் கன்றும் சுகம். சிங்கப்பூரில் தங்கள் சுகத்தை மாரியம்மன் பொறுப்பில் விட்டிருக்கிறேன்.

எழுத்து கோழி கிளறினது போல இருக்கிறதே, எப்போதும் நமக்குக் கடிதம் எழுதித் தரும் தோட்டத்து ஆபீஸ் கிராணி ஐயாவுக்குக் கை நடுக்கமோ என்று நினைக்காதீர்கள். இது கிராணி எழுதியது இல்லை. நான் எழுதுகிறேன். நானேதான்! வேண்டுமானால் இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள்.

தாங்கள் அனுப்பிய பணத்தில் வாங்கிய பசு நன்றாகக் கறக்கிறது. காட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டித் திரும்பியதும், மாட்டுப் பாலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போவேன். அங்கே ரயில்வே கிளார்க் சிவசம்பு ஐயாவின் சம்சாரம் யோகம் அம்மா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். போன தீபாவளி கழிந்து அவரிடம், பாலுக்குக் காசு வேண்டாம், எழுத்துச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். தினம் ஒரு போத்தல் பால் கொடுத்து எழுத்து வாங்கினேன்.

பக்கத்து வீட்டுக் காளியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வர்ற காச விட்டுட்டு கிறுக்கக் கத்துக்கிறியே, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா" என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்க ஏசினாள். இப்போது அவளே தன் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதித்தா என்று வெற்றிலையோடு வந்து நிற்கிறாள். கொஞ்சம் பிகு செய்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தேன்.

இனி தாங்கள் கேட்டதற்கு வருகிறேன். கப்பல் பட்டறையில் தங்களை மேஸ்திரியாக ஏற்றுகிறார்கள், ஆடி முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருடம் அங்கேயே வேலை என்று எழுதியிருந்தீர்கள். சம்பளம் கூடினால் நம் சந்தோஷமும் கூடும், உனக்குச் சம்மதம்தானே என்றும் கேட்டிருந்தீர்கள். கிராணி ஐயா அதை வாசித்தபோது சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள்.

பணம் கசக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். தாங்கள் அனுப்பிய முதல் பணத்தில் கடைக்காரர் பாக்கியை அடைத்துவிட்டு, அவர் கடை வாசல் வழியாகவே தலை நிமிர்ந்து நடந்தேன். அந்த சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. பசு வந்த அன்று செல்லம் சோறுகூட வேண்டாம் என்று தொழுவத்திலேயே கிடந்தாள். அப்புறம் வளையல் வந்தது. திருவிழாவுக்குப் போட்டேன், காளியம்மா பெருமூச்சு விட்டாள், எனக்கும் இனிக்கத்தான் செய்தது. மறுநாள் மரம் வெட்டப் போகிற கைக்கு வளையல் எதற்கு? தகரப் பெட்டியில் வைத்தேன். தாங்கள் அனுப்பிய இரண்டாவது வளையல் அதற்குத் துணையாகக் கிடக்கிறது.

இதுவரை யோகம் அம்மாவிடம் காட்டிப் பிழை திருத்திக்கொண்டேன். இதற்கு மேல் அவருக்கும் காட்டவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லச் சொல்லத்தான் கிராணி எழுதுவார். பின்னால் பத்துப் பேர் காத்து நிற்பார்கள். அத்தனை பேர் முன்னால் புருஷனுக்கு என்னத்தைச் சொல்வேன்? பணம் வந்தது, நலம் என்பேன். மார்கழி வெள்ளத்தில் ஆறு லயத்துக்குள் வந்தபோது, காய்ச்சல் பிள்ளையைத் தோளிலும் மாட்டுக் கயிற்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு கோயில் மேட்டில் நின்றேன். தங்களை நினைத்து நினைத்து அழுதேன். அந்த மாதமும் பணம் வந்தது, நலம் என்றுதான் கடிதம் போனது. நான் பணத்தைப் பற்றியே பேசினேன், தாங்களும் பணமாகவே பதில் அனுப்பினீர்கள். தங்கள் மேல் குறை இல்லை.

ஆகையால் இப்போது என் கையாலேயே எழுதுகிறேன். எனக்குச் சம்மதம் இல்லை. பசு மறுபடி சினையாக இருக்கிறது, என் கூலி இருக்கிறது, இங்கே தங்களுக்கும் வெட்ட மரம் இருக்கிறது. அங்கே ஏதாவது பணம் கட்டிவிட்டு வர வேண்டுமென்றால் வளையல் இருக்கிறது, துணையோடு. நம் வீட்டில் கையெழுத்துப் போட நான் ஒருத்தி போதும். தாங்கள் அங்கே போட வேண்டாம்.

உறைமேல் தங்கள் பெயரையும் நானே எழுதினேன். தாலி ஏறிய நாள் முதல் என் வாயில் வராத பெயர். கிராணி கேட்டால்கூடச் செல்லத்தை விட்டுத்தான் சொல்ல வைப்பேன். இன்று எழுதக் கை கூசியது. யோகம் அம்மா சிரித்துவிட்டு, "வாயாலை சொல்லத்தானே கூடாது, கையாலை எழுதினா ஆர் கேக்கப் போகினம்" என்றார். எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் முந்தானையால் மூடிக்கொண்டேன்.

ஒரு தரம் எழுதிவிட்டேன். இன்னொரு தரம் எழுதுகிற பாவத்தை எனக்கு வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தானே எழுதிய
ராஜம்மா