வாசிக்காமல் விட்ட வரி

2025 பெப்ரவரி 3
சலிக்கவென்று குரக்கன் மாவை அரிதட்டில் கொட்டினேன். "அரியாதை பிள்ளை, தவிட்டிலதானாம் எல்லாம் கிடக்கு" என்றா அம்மா. போன கிழமைவரை கோழிக்குப் போட்ட தவிடு!
கனடாவிலிருந்து சிவரூபிச் சித்தி அனுப்பிய கட்டுரைதான் காரணம். நேற்று நான்தான் போனில் வாசித்துக் காட்டினேன். கேழ்வரகு என்று அதில் இருந்தது எங்கள் குரக்கன்தான். தீட்டாத தானியத்தின் தவிட்டிலும் முளையிலும் ஒருவகைக் கொழுப்பு இருக்கிறதாம். அது புற்றுநோய்க் கலங்கள் பெருகுவதைத் தடுக்கக்கூடுமாம். அம்மாவுக்கு மார்பில் வந்தது அந்த நோய்தான்; அதற்குப் பெரியாஸ்பத்திரியில் ஊசி ஏற்றுகிறார்கள். வாசிக்க வாசிக்க அவவின் முகம் தெளிந்துகொண்டே போனது.
கடைசி வரியை நான் வாசிக்கவில்லை.

பெப்ரவரி 5
ஒரு குரக்கன் மணியை நகத்தில் வைத்துப் பார்த்தேன். இதற்குள்ளா எண்ணெய்? கண்ணை மூடினால், துளிகள் சின்னச் சின்னப் படகுகளாகி அம்மாவின் இரத்தத்துக்குள் போகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வெளிச்சம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, கூழ் அடிப்பிடித்துவிட்டது.

பெப்ரவரி 8
பிட்டு. அம்மா இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

பெப்ரவரி 10
"வாற வெள்ளிக்கிழமை ஊசிக்குப் போகமாட்டன். இந்தச் சாப்பாடே காணும்" என்றா அம்மா.
ஐயோ, நான் என்ன செய்துபோட்டன்? அந்த வரி — 'இவை ஆய்வுகூடத் தட்டில் கண்டவை; மனிதரில் இன்னும் உறுதியாகவில்லை; சிகிச்சையை நிறுத்தக்கூடாது.' ஏன் விட்டனான்? அவ சிரிச்சுக்கொண்டிருந்தவ. எத்தினை மாதத்துக்குப் பிறகு!
அம்மாவைப் பார்க்கவென்று பள்ளிக்கூடத்தை விடும்வரை, வகுப்பில் எழும்பி வாசிக்கவே பயந்தனான். இப்ப வீட்டிலயும் வாய் வரேல்லை.

பெப்ரவரி 12
இன்றைக்கும் சொல்லவில்லை.

பெப்ரவரி 13
குசினிக்குள் போய், போனைப் பிடித்துக்கொண்டு அந்த வரியை மட்டும் வாசித்தேன்.
அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "தெரியுமடி. சித்தி அண்டைக்கே சொன்னவள்" என்றா.
"பிறகேன் அம்மா?"
"ஊசி போட்டால் வாற சத்தி... நாள்முழுக்க வாந்தியெடுக்க இனி ஏலாது எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது."
என் கூச்சம் எங்கிருந்து வந்ததென்று இப்போதுதான் தெரிகிறது. இரண்டு பேரும் அழுதோம். பிறகு அம்மா, "உன்ரை குரக்கன் ரொட்டியைத் தின்னுறதைவிட ஊசி பரவாயில்லை" என்றா.

பெப்ரவரி 14
அனலைதீவிலிருந்து முதல் படகு. எண்ணெய் பூசியதுபோலக் கடல், அசைவில்லை. அம்மாவின் மடியில் கூழ்ப் போத்தல் — அரிக்காத மாவில் காய்ச்சியது.
"எங்கை வெள்ளெனவே, தாயும் மகளும்?" என்று படகுக்கார அண்ணை கேட்டார். அம்மா என்னைப் பார்த்தா.
"ஊசிக்கு" என்றேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலால், அவருக்குக் கேட்கும்படி.