எல்லோருக்கும் இரண்டு

நாள் 1. காலை 06.40
சந்திரன், கிழக்குச் சுரங்க வார்டு. காற்று சரி. தண்ணீர் நாற்பது லிட்டர். மின்கலம் எண்பத்தொரு சதவீதம். நோயாளிகள் இருபத்து மூன்று பேரையும் சோதனைக்காக நேற்று பெரிய தளத்துக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். வண்டியில் ஓர் இடம் குறைந்தது. நான் இருந்துகொள்கிறேன் என்றேன். பெயர் முத்துப்பேச்சி, வார்டு உதவியாள், படிப்பு எட்டாம் வகுப்பு. அடுத்த வண்டி வரப் பத்து நாள் ஆகும்.
கட்டில்களைத் துடைத்தேன். இருபத்து நான்காவதை மட்டும் துடைக்கவில்லை.

நாள் 2. காலை 06.40
மின்கலம் எழுபது. வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகட்டில் ஏதோ கல் பட்டுக் கீறியிருக்கிறது, சார்ஜ் ஏறவில்லை.
இது யார் கையில் கிடைக்குமோ, விவரம் சொல்லிவிடுகிறேன். இங்கே உடம்புக்குக் கனம் குறைந்துவிடுவதால் எலும்பு உளுத்துப்போகும். இடுப்பு முறிந்தவர்களுக்கு வளரும் மூட்டு வைத்துப் பார்த்தார்கள். உயிருள்ள எலும்புக் கூழ் பூசிய மூட்டு. ஆறு மாதத்தில் சொந்த எலும்பாகிவிடும். புதுசு என்பதால் ஆய்வு. தினமும் காலையில் ஒவ்வொருவரிடமும் வலி எவ்வளவு என்று கேட்டு, பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண் எழுதி அனுப்ப வேண்டும். அதுதான் என் வேலை. ஐந்தைத் தாண்டினால் டாக்டர் அருமைநாயகம் வந்து திறந்து பார்ப்பார். உள்ளே சீழ் பிடித்திருந்தால் அப்போதே கழுவிவிடலாம்.
இருபத்து நான்காவது கட்டில் என் வீட்டுக்காரர் சுடலைமணியுடையது. சீழ் ரத்தத்தில் கலந்து இறந்துபோனார். இன்றோடு ஆறு நாள். அவர் தாளில் கடைசி எண் இரண்டு.

நாள் 3. காலை 07.15
மின்கலம் ஐம்பத்தெட்டு.
அந்த இரண்டை எழுதியது நான்தான்.
முதல் மாதம் உள்ளதை உள்ளபடி எழுதினேன். கொம்பையா என்றொருவர் ஏழு என்றார், ஏழு எழுதினேன். திறந்து பார்த்துக் கழுவி, இனி வேலைக்கு ஆகாது என்று பூமிக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து இடம் காலி. என் காதுபடவே ஒருவன் சொன்னான்: "அண்ணாச்சி, வாய மூடுங்க. பேச்சியக்கா கப்பல் டிக்கெட்டு கிழிக்க வாராவ." எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.
மறுநாள் முதல் எல்லோருக்கும் இரண்டு. பூஜ்யம் போட்டால் நம்ப மாட்டார்கள். பக்கத்து இடத்தில் மறுபடி ஆள் உட்கார்ந்தார்கள்.
கடைசி வாரம் அவர் சொன்னார்: "எனக்கும் ரெண்டே போடு பேச்சி. பொண்டாட்டி இருக்கான்னு சலுகை கேக்கான்னு பேசுவானுவ." இடுப்பில் கை வைத்தேன். சுட்டது. கையை எடுத்துவிட்டு இரண்டு என்று எழுதினேன்.

நாள் 4. மதியம் 13.05
மேலே எழுதியதை டாக்டருக்கு அனுப்பினேன். பதில் வந்தது.
"இருபத்து மூன்று பேரில் எட்டுப் பேருக்கு உள்ளே சீழ். இன்றே கழுவுகிறோம். முன்பே சொல்லியிருக்கலாம், அம்மா. செவ்வாய்க் கிரகத்திலும் பதினாறு பேருக்கு இதே மூட்டு வைத்திருக்கிறோம். நல்லவேளை, அங்கே எல்லோருக்கும் வலி இரண்டுதான்."
திட்டியிருக்கலாம். அம்மா என்றுவிட்டார்.
செவ்வாய் வார்டில் எண் எழுதுகிறவள் என் தங்கை இசக்கியம்மாள். வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: "எல்லாருக்கும் ரெண்டு போடு. ஒருத்தனும் உன்ன முறைக்க மாட்டான்."

நாள் 5. காலை 06.50
மின்கலம் முப்பத்தொன்று. டாக்டருக்கு அவளைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு வேலை போகும். நேற்று மதியத்திலிருந்து சும்மா இருந்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.
இப்போது அவளுக்கு மட்டும், இனி இரண்டு போடாதே, உள்ளதை எழுது என்று அனுப்பினேன். செவ்வாய்க்கு ஒரு சொல் போய்ச் சேர இருபது நிமிடம்.
ஒரு மணி நேரம் கழித்து அவள் பதில்: "அக்கா, நீ சொன்னபடிதான போடுதேன். இங்க எல்லாவனும் சந்தோசமா இருக்கான். நேத்து ஒருத்தன் பாட்டெல்லாம் படிச்சான். அத்தான் போனதுல உனக்கு மனசு சரியில்ல. கொஞ்சம் தூங்கு."

நாள் 6. காலை 08.30
மின்கலம் பன்னிரண்டு. சூடேற்றியை அணைத்துவிட்டேன், வானொலிக்கு மிச்சம் வேண்டும். விரல் மரத்துப் போகிறது.
பெரிய தளத்தோடு கம்பி இணைப்பு இன்று இல்லை, செவ்வாய்க்கு வானொலி மட்டும் போகிறது. நேற்றே டாக்டரிடம் சொல்லியிருந்தால் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று இணைப்பு இருந்தது. தங்கையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். இல்லை, அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான்.
அவளுக்கு மறுபடி அனுப்பினேன்: "இசக்கி, ஒருத்தன்கிட்டயும் ஒண்ணும் கேக்காத. இடுப்புல கைய மட்டும் வச்சுப் பாரு. உங்க அத்தான் இடுப்பு சுட்டுச்சு. நான் கைய எடுத்துட்டேன். நீ எடுக்காத."

09.20
பதில் இல்லை.

09.55
"அக்கா, மூணாவது கட்டில் சுடுது."

10.02
"ஏழாவதும். பாட்டு படிச்சவன். சொல்லாதீய மதினின்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதான்."

10.10
"அக்கா, எல்லாவனும் என்னையவே பாக்கான். நான் இப்ப என்ன நம்பர் போடட்டும்?"

10.12
மின்கலம் இரண்டு. பதில் சொன்னேன். போகவில்லை என்று விளக்கு காட்டுகிறது. மறுபடி சொன்னேன். போகவில்லை.
அவளுக்கு என்னைத் தவிர வேறு யாரையும் கேட்டுப் பழக்கமில்லை. பதில் வராவிட்டால் முன்பு சொன்னதையே எழுதுவாள். இது யார் கையில் கிடைத்தாலும் முதலில் செவ்வாய் வார்டுக்குச் சொல்லுங்கள். இசக்கியம்மாள் என்று கேளுங்கள். ஒவ்வொருவனுக்கும் உள்ள வலியை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள், ஏழு என்றால் ஏழு, பத்து என்றால்